ரேகை விழவில்லை

சுவிட்சை அழுத்தியதும் உள்ளே காற்றாடி ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

சத்யப்பிரியா மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே ஒரு சுற்று. யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. மானிட்டர், சிக்னல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டத்தை மூலைக்கு மூலை மிதக்கவிட்டு, பிறகு இருண்டது. பிரிண்டர் தன் பாட்டுக்கு முனகி அடங்கியது. மேசைக்கு அடியில் குனிந்து சி.பி.யு. பெட்டியின் மேல் கையை வைத்தபோது உள்ளங்கையில் நறநறவென்று ஏதோ ஒட்டியது. வெளிச்சத்தில் பார்த்தாள். உப்பு. நேற்றுச் சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அவளே துணியால் துடைத்துவிட்டுப் போன பெட்டி அது.

மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கும் அந்தச் சேவை மையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மணி மூன்றுதான் ஆகியிருந்தது என்றாலும், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் சாலையில் ஆளே இல்லை. கடல் பக்கமிருந்து எழுந்து வந்த மேகம் தெருவை விளக்கு வைக்கிற நேரம்போல ஆக்கியிருந்தது. அவள் ஷட்டரை முழங்கால் உயரம்வரை இறக்கிவிட்டு, ஒரே ஒரு டியூப்லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது பார்த்தால் கேட்பார்கள் என்ற பயம்.

கேட்டால் சொல்லிக்கொள்கிற மாதிரியான வேலைக்கு அவள் வரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். வந்து இந்த மிஷினை எடுத்துப் போவார்கள். அதற்குள் இதில் இருக்கிற ஒரு மனுவையும், பதிவேட்டில் ஒரே ஒரு வரியையும் இல்லாமல் செய்துவிட வேண்டும். மையத்தின் முதலாளி பொன்னுரங்கம் நேற்றே கையைக் கழுவிவிட்டார். "லாகின் ஒன்னுது, பாஸ்வேர்டு ஒன்னுது. எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தவர்தான். மாட்டினால் அவளுக்கு வேலை மட்டும் போகாது, கேஸ் ஆகும். வீட்டில் முதுகெலும்பு நொறுங்கிப் படுத்திருக்கும் புருஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட வேறு ஆள் கிடையாது. ஆகவே மிஷின் ஆன் ஆக வேண்டும். அந்த மிஷினோ இன்றைக்குப் பார்த்து ஒரு சுற்றுக்கு மேல் சுற்ற மாட்டேன் என்கிறது.

சிதம்பரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாலகுமாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாலா, சிஸ்டம் ஆன் ஆவ மாட்டுது."

"பதட்டப்படாதீங்கக்கா. கரண்டு வயர உருவிட்டு, பவர் பட்டன அரை நிமிஷம் அழுத்திப் புடிங்க. உள்ள இருக்குற கரண்டு எறங்கட்டும்."

பிடித்தாள். அரை நிமிடம் முடிந்து விரலை எடுத்த பிறகு, வயர் தரையில் கிடக்க, காற்றாடி ஒரு சுற்று சுற்றியது.

"வயரே இல்லாம சுத்துதுடா."

"மிச்சக் கரண்டுக்கா. சைடு மூடியக் கழட்டுங்க. பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா? உள்ள ராம்னு நீட்டமா ஒரு மெமரி கார்டு செருகியிருக்கும், அத உருவி, அந்தத் தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கும் பாருங்க, அத ரப்பர் போட்டு நல்லாத் தேய்ங்க. பத்துல எட்டு சிஸ்டம் அதுலயே எழுந்துரும்."

மூடியைக் கழற்றியதும் வாடை குப்பென்று அடித்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடையை எதிர்பார்த்துக் குனிந்தவளுக்குக் கிடைத்தது கருவாட்டுக் களத்தின் வாடை, வெயிலில் காய்ந்து மறுபடி மழையில் நனைந்த கருவாடு. உள்ளே பச்சைப் பலகை முழுக்க உப்பு பூத்திருந்தது. வயர்களின் இடுக்கில், காற்றாடியின் இறக்கைகளில், எங்கு பார்த்தாலும் வெள்ளை.

"உள்ள பூரா உப்பாக் கெடக்கு, பாலா."

"கடலோரம்லக்கா. உப்புக் காத்து ஜாஸ்தி. அந்த ரோட்டுல எந்த சிஸ்டத்தத் தொறந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

இருக்கலாம். போன மாதம் தூசி தட்டத் திறந்தபோது இல்லை என்று அவள் சொல்லவில்லை. ராமை உருவிய இடத்தில், நகக்கண் அளவுக்கு, ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் சொல்லவில்லை. அதை ஊதிவிட்டு ரப்பரால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்கத் துகள் உதிர்ந்தது. கறுப்பாக உதிர வேண்டியது, வெளுப்பாக, மெத்தென்று, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரலிலிருந்து உரிகிற தோல்போலச் சுருண்டு சுருண்டு மேசையில் விழுந்தது. அவள் அதைப் புறங்கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டாள்.

இதே மேசையில்தான் சௌந்தரம் விரலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேவனாம்பட்டினத்துக்காரி. ஐம்பத்து மூன்று வயது. கடலுக்குப் போன புருஷன் திரும்பாத நாளிலிருந்து அவளுக்கு விதவைப் பணம் வந்துகொண்டிருந்தது. அதில்தான் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவாள். அந்தப் பணம் தொடர்ந்து வர, வருடத்துக்கு ஒருமுறை ரேகை வைத்து உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஆள் எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டால் போதாது, மிஷின் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் மீன் ஆய்ந்து, உப்பு அள்ளி, கருவாடு புரட்டிய விரல்களில் ரேகை என்று ஒன்று எங்கே மிச்சம் இருக்கும்? போன வருடம் நவம்பரில் நான்கு தடவை வந்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு வைத்தாள். சத்யப்பிரியா வாஸ்லைன் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கக்கா, இன்னும் அழுத்துங்க" என்று சொல்லிச் சொல்லி, நகம் வெளுக்கிறவரைக்கும் அழுத்தவைத்தாள். பத்து விரலும் விழவில்லை.

கடைசி நாள் நவம்பர் இருபத்தொன்பது. பென்டிங் லிஸ்டில் ஒரு பெயர்கூட இருக்கக் கூடாது என்று பொன்னுரங்கம் தலைமேல் நின்று கத்தினார். காரணம் என்ற கட்டத்தில் ஊர் மாறியவர் இருந்தது, மறுமணம் செய்தவர் இருந்தது, இறந்தவர் இருந்தது. ரேகை விழவில்லை என்று ஒன்று இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குக் கருவாட்டுக் களத்தையே தெரியாது போலிருக்கிறது. சௌந்தரம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, மாலை நாலு நாற்பத்தேழுக்கு, சத்யப்பிரியா இறந்தவர் என்பதைத் தொட்டாள். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். எல்லா மையத்திலும் அப்படித்தான் செய்தார்கள். "முடிஞ்சிதுக்கா, போயிட்டு வாங்க" என்றாள்.

பணம் நின்றது. சௌந்தரம் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தாள்: நான் உயிரோடு இருக்கிறேன். அதை மேலே அனுப்பினால் முதலில் யார் தலை உருளும் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். ஸ்கேன் செய்து இந்த மிஷினுக்குள்ளேயே போட்டு வைத்தாள். "அனுப்பிட்டேன்கா, வந்துரும்." ஒன்பது மாதம் இதையே சொன்னாள். மாத்திரை நின்றுபோனது அவளுக்குத் தெரியும். கால் புண் ஆறாமல் நொண்டி நொண்டி வந்ததும் தெரியும். ஆவணியில் ஒருநாள், சாத்தின கதவுக்குள்ளே இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தவளை அக்கம்பக்கத்தார் எடுத்துக் கடற்கரை மணலில் புதைத்தார்கள். கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் இலக்கியா இறப்புச் சான்று வாங்கப் போனபோது, "இவுங்க போன வருஷமே எறந்துட்டாங்களேம்மா" என்றார்களாம். இருக்கும்போது செத்தவளுக்கு, செத்த பிறகு சாகக்கூட முடியவில்லை. அந்தப் பெண் போட்ட புகாரில்தான் நாளைக்கு விசாரணை.

"அக்கா? இருக்கீங்களா?"

"தேச்சிட்டேன்" என்றாள். ராமைச் செருகி, வயரைக் குத்தி, பட்டனை அழுத்தினாள்.

காற்றாடி சுற்றியது. நிற்கவில்லை. ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"வந்துருச்சு பாலா! தேதி தப்பா இருக்குன்னு காட்டுது."

"பேட்டரி வீக்கா இருக்கும். தேதிய மாத்திட்டு எஃப்-டென் குடுங்க."

திரையில் இருந்த தேதி, போன வருடம் நவம்பர் 29. நேரம் 4:47.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு இன்றைய தேதியைப் போட்டு எஃப்-டென் அடித்தாள். திரை அணைந்தது. ஒரு சுற்று. நின்றது. ராமைக் கழற்றி மறுபடி தேய்த்துப் போட்டாள். எழுந்தது. அதே தேதி, அதே நேரம். மாற்றினாள். செத்தது. கொஞ்ச நேரம் கழித்து, பாலகுமார் சொன்னபடி, பலகையில் இருந்த பொத்தான் பேட்டரியை நெம்பி எடுத்துவிட்டு, மேசையில் இருந்த கால்குலேட்டரின் பேட்டரியைக் கழற்றிப் பொருத்தினாள்.

"பேட்டரிய எடுத்தா போர்டு செஞ்ச வருஷத்துக்குப் போயிரும். ஜனவரி ஒண்ணு காட்டும் பாருங்க."

நவம்பர் 29. 4:47.

"அப்படி வர வாய்ப்பே இல்லியேக்கா" என்றான் பாலகுமார். முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. "சரி, தேதி எக்கேடோ கெட்டுப் போவுது. மாத்தாம அப்படியே உள்ள போங்க. உங்களுக்கு வேண்டியது டேட்டா தானே?"

மாற்றாமல் எஃப்-ஒன் அடித்தாள். மிஷின் சமர்த்தாக எழுந்தது.

மழை இறங்கிவிட்டது. ஷட்டரின் தகரத்தில் அது விழுகிற சத்தத்துக்கு நடுவே, பழக்கப்பட்ட கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் முளைத்தன. முதலில் மனுவைத் தேடினாள். இல்லை. அவள் ஒளித்து வைத்த கோப்புறையே இல்லை. ஏன் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. நவம்பர் இருபத்தொன்பதில் அந்த மனு இன்னும் எழுதப்படவே இல்லை.

பதிவேட்டைத் திறந்தாள். அன்றன்றைக்குப் பதிந்தது இந்த மிஷினிலேயே இருந்து, நடு இரவுக்குத்தான் மேலே போகும். அதுவரை திருத்தலாம், பிறகு பூட்டிக்கொள்ளும்; யார் எந்த நிமிடத்தில் பதிந்தார் என்ற வரி மட்டும் இந்த மிஷினிலேயே கிடக்கும். வரிசையில் கடைசிப் பெயர் சௌந்தரம். இறந்தவர். பக்கத்தில் திருத்து என்ற பொத்தான், ஒரு வருடமாகச் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த பொத்தான், பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அழிக்கத்தான் வந்தாள். ஆனால் அழிப்பதைவிட இது எவ்வளவு சுத்தம்! உயிருடன் உள்ளார் என்று மாற்றிவிட்டால் தப்பே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அந்த இலக்கியாவுக்கும் நல்லதுதானே, ஆவணியில் இறந்ததாகச் சான்று வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் கெடுதல் இல்லை. சௌந்தரம் உயிரோடு இருந்தபோது இந்த நியாயமெல்லாம் அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது அவளுக்கே உறைத்தது. உறைத்தும், திருத்து என்பதைத் தொட்டாள். உயிருடன் உள்ளார் என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

பயனாளியின் வலது கைப் பெருவிரலை வைக்கவும். மூன்று வாய்ப்புகள்.

ரேகை மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பெருவிரலையே வைத்தாள். பொருந்தவில்லை. இரண்டு வாய்ப்புகள்.

"அக்கா" என்றான் பாலகுமார். "கொஞ்சம் அவுங்கள அமைதியா இருக்கச் சொல்லுங்களேன். நீங்க பேசுறது ஒண்ணும் கேக்க மாட்டுது."

"யார?"

"கடையில கூட்டமா இருக்கே. ஒரே இரைச்சலா... டோக்கன் நம்பரு கேக்குறாங்க பாருங்க. அக்கா, யாரோ ஒங்களத்தான் கூப்புடுறாங்க. பாப்பா, பாப்பாங்குது ஒரு அம்மா."

அவள் காதில் மழை மட்டும்தான் விழுந்தது. போனை அணைக்கப் போனாள். அவள் தொடுவதற்குள் அதுவே அணைந்தது. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

சௌந்தரம்தான் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவாள்.

ஓடிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஷட்டரைப் பார்த்தாள். தரைக்கும் ஷட்டருக்கும் நடுவே இருந்த முழங்கால் உயர இடைவெளியில் சாலையின் சாம்பல் வெளிச்சம் தெரிந்தது, மழைத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது, அந்த ஓட்டத்தில் நனைந்துகொண்டு இரண்டு கால்கள் தெரிந்தன. செருப்பில்லாத கால்கள். கெண்டைக்கால்வரை ஈர மணல் அப்பியிருந்தது. இடது கால் உடம்பின் பாரத்தைத் தாங்காமல் நுனி விரலில் நின்றது, புண் உள்ளவர்கள் நிற்பதுபோல. வரிசையில் நிற்கிற பொறுமையோடு நின்றது.

டியூப்லைட் ஒருமுறை இமைத்தது.

கால்கள் இல்லை. ஷட்டருக்கு உள்பக்கம், தரையில், ஈர மணல். ஒரு தடம். அப்புறம் இன்னொன்று. மேசையை நோக்கி.

அவள் திரையைப் பார்த்தாள். திரையை மட்டும் பார்த்தாள். இரண்டு வாய்ப்புகள். இரண்டு வாய்ப்புகள். சுட்டியை ரத்து என்பதன் மேல் கொண்டுபோய் அமுக்கினாள். நகரவில்லை. மறுபடி அமுக்கினாள். நேரம் 4:47. கருவாட்டு வாடை தொண்டைக்குள் இறங்கியது. அதற்கடியில் இன்னொரு வாடை. மண்ணுக்கடியில் இருந்து வருகிற வாடை.

எதிர் நாற்காலி முனகியது. ஆள் உட்காரும்போது முனகுகிற மாதிரி.

நிமிரக் கூடாது. நிமிரக் கூடாது.

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை திரையின் வெளிச்சத்துக்குள் வந்தது. மெதுவாக. வெளுத்து, உப்பி, சுருங்கிய கை. விரலைத் தலைக்குக் கொண்டுபோனது. முடியில் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஈர முடி. திரும்பி வந்து, சிவப்புக் கண்ணாடியின் மேல் பெருவிரலை வைத்தது.

ரேகை விழவில்லை. ஒரு வாய்ப்பு.

கை அங்கேயே காத்திருந்தது. திட்டவில்லை. அவள் கழுத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பாள், எழுந்து ஓடியிருப்பாள். அது வெறுமனே காத்திருந்தது, போன வருடம் நாலு தடவையும் காத்திருந்த மாதிரி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பாப்பா சொல்லுவாள் என்று.

சத்யப்பிரியாவின் வாய் தானாகத் திறந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கக்கா."

கை அழுத்தியது. மேசை லேசாக நடுங்கியது. நகம் வெளுத்தது. வெளுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நனைந்த காகிதம் கிழிவதுபோல ஒரு சத்தம்.

திரை பச்சையானது. ரேகை பொருந்தியது. உயிருடன் உள்ளார்.

விரல் எழுந்தது. தோல் எழவில்லை. கண்ணாடியின் மேல், சிவப்பு வெளிச்சம் கீழிருந்து ஊடுருவ, ஒரு பெருவிரலின் தோல் முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு சுழியும், ஒவ்வொரு கோடும், அத்தனை தெளிவாக இருந்தன.

"வுழுந்துச்சா பாப்பா?" என்றது குரல். அதில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "உசுரோட இருக்கேன்னு வந்துருச்சா?"

சத்யப்பிரியா நிமிரவில்லை. திரையில் அடுத்த கட்டம் திறந்தது. வலது கை ஆட்காட்டி விரலை வைக்கவும். அதற்குக் கீழே இன்னும் எட்டு விரல்களுக்கு இடம் இருந்தது.

கை பொறுமையாக அடுத்த விரலை நீட்டி, கண்ணாடிக்கு மேலே நிறுத்திக்கொண்டு, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தது.